பெருக்குற வேலையா இது?

கெர்னல் என்ற சொல்லைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் அதற்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். திரை, பேட்டரி, கேமரா, வைஃபை இவையெல்லாம் ஒரு பக்கம். நீங்கள் தட்டுகிற வாட்ஸ்அப் மறு பக்கம். நடுவில் நின்று, யாருக்கு எவ்வளவு நினைவகம், யார் முறை எப்போது என்று பங்கிட்டுக் கொடுக்கிற நிரல்தான் கெர்னல். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க ரொம்ப நேரம் ஆகாது. காலைப் பெரட்டில் நின்று ஆளுக்கு ஆள் நிரை பிரித்துக் கொடுக்கும் கங்காணி வேலை அது. கங்காணி தடுமாறினால் அன்றைக்கு யாருக்கும் வேலை ஓடாது.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21ஆவது வயதில் தொடங்கியது. இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. உலகின் அதிவேகக் கணினிகள் 500 என்று ஒரு பட்டியல் போடுவார்கள். 2017 நவம்பர் முதல் அந்த 500இலும் இதுதான் ஓடுகிறது.

நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில், கருவிகளுக்குள் இயங்கும் மென்பொருளைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். சுங்கைப்பட்டாணியிலிருந்து தினமும் போய்வருகிறேன். கெர்னல் எனக்குச் சோறு போடும் சங்கதி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்ததில்லை. எழுத வைத்தது என் அண்ணி கேட்ட ஒரு கேள்வி.

அண்ணன் மகன் சென்ற ஆண்டு கணினித் துறையில் பட்டம் முடித்தான். பி.டி.பி.டி.என். கடன் தலைக்கு மேல் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே, "கெர்னலுக்கு ஏதாவது எழுதி, அது சேர்ந்துவிட்டால் நேர்முகத் தேர்வில் காட்டலாமே, சித்தப்பா" என்று வந்தான். நல்ல யோசனைதான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதற்குத் திருத்தம் அனுப்பலாம். திருத்தத்துக்கு அங்கே 'பேட்ச்' என்று பெயர். பராமரிப்பாளர்கள் பார்த்து ஏற்றுக்கொண்டால், அனுப்பியவர் பெயர் கெர்னலின் வரலாற்றில் பதிந்துவிடும்.

ஆனால் புதிதாக வருகிறவர்கள் பலர் முதலில் கைவைப்பது நிரலின் நடையைச் சீர்படுத்தும் வேலையில்தான். வரியின் கடைசியில் கிடக்கும் வெற்றிடத்தை நீக்குவது, கோணலாக நிற்கும் வரிகளை நேராக்குவது, அடைப்புக்குறியை உரிய இடத்தில் வைப்பது. ஒரு காலத்தில் இதைச் செய்தவர்கள் தங்கள் முயற்சிக்கு வைத்த பெயரே 'கெர்னல் ஜானிட்டர்ஸ்', கெர்னல் துப்புரவாளர்கள்.

இதை அவன் வீட்டில் விளக்கியிருக்கிறான். அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் அண்ணி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, இவன் பாட்டி தோட்டத்துல புல்லு புடுங்கினாங்க. இவன் கடன் வாங்கிப் படிச்சதும் கூட்டிப் பெருக்கத்தானா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு புரியும். பாட்டி என்றது என் அம்மாவைத்தான். பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்தவர். அந்தத் தோட்டம் இப்போது தாமானாகிவிட்டது. நம் பிள்ளைகள் யார் பின்னாலும் போய்க் கூட்டக் கூடாது என்பதற்காகவே வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்த குடும்பங்கள் நம்முடையவை. ஆகவே இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

கெர்னலோடு சேர்ந்தே வரும் ஆவணங்களில் ஒன்று நடையைப் பற்றியது. டோர்வால்ட்ஸ் எழுதியது, பிறகு பலர் சேர்த்திருக்கிறார்கள். ஒரு வரி இன்னொன்றுக்குள் அடங்கியது என்றால் அதை 8 எழுத்து அகலம் உள்ளே தள்ளி எழுத வேண்டும் என்கிறது. நான்கு போதாதா என்று புதியவர்கள் எல்லாரும் கேட்பார்கள். 20 மணி நேரம் திரையைப் பார்த்துச் சோர்ந்த கண்ணுக்கும் எது எதற்குள் இருக்கிறது என்று பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். அப்படித் தள்ளிக்கொண்டே போனால் வரி வலப்பக்கம் ஓடிவிடுமே என்றால், மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போகிற நிரலே கோளாறு, முதலில் அதைத் திருத்து என்கிறார். வரி 80 எழுத்துக்குள் முடிய வேண்டும் என்பது இன்னொன்று. பழைய துளை அட்டைகளிலும் முனையத் திரைகளிலும் இருந்தது 80 பத்திகள், அந்தப் பழக்கம். 2020இல் சோதிக்கும் கருவி 100 வரை பொறுத்துக்கொள்ளட்டும் என்று தளர்த்தினார்கள். இம்மாதிரி விஷயங்களுக்கு நிரலாளர்கள் போடும் சண்டையைப் பார்த்தால் நம் ஊர் கோயில் கமிட்டித் தேர்தல் எவ்வளவோ பரவாயில்லை.

கணினிக்கு இவை எதுவும் பொருட்டில்லை. சி மொழியில் எங்கே இடைவெளி விட்டாலும் கம்பைலர் கவலைப்படாது. இடைவெளி மனிதக் கண்ணுக்காக. அந்தக் கண் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 பிப்ரவரியில் வெளிப்பட்ட ஆப்பிள் விவகாரமே சாட்சி. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் நிரலில் 'கோட்டோ ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தது. முதலாவது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது எதற்கும் உட்படாதது. ஆனால் முதலாவதற்கு நேர் கீழே, அதே அளவு உள்ளே தள்ளி, அதுவும் நிபந்தனைக்குள் இருப்பதுபோல நின்றது. படித்தவர் கண் நம்பியது. கம்பைலர் நம்பவில்லை. எப்போது வந்தாலும் அங்கிருந்து தாவிவிட்டது. அதற்கப்பால் இருந்த கையொப்பச் சோதனை நடக்கவே இல்லை. நடுவில் எவனாவது புகுந்து 'நான்தான் உன் வங்கி' என்றாலும் கைப்பேசி தலையாட்டியிருக்கும். ஆப்பிள் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. 2016இல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், கண்ணை இப்படி ஏமாற்றும் வரிகளைக் கண்டால் எச்சரிக்கத் தொடங்கியது. அது கெர்னல் நிரல் அல்ல; ஆனால் வியாதி ஒன்றுதான்.

அண்ணியும் தோட்டத்தில் வளர்ந்தவர்தான். அப்பா மரம் வெட்டிய விதத்தை நினைவூட்டினேன். எல்லா மரத்திலும் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரே சாய்வு. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உளி ஆழம் போனால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருஷம் கழித்து அந்தப் பட்டைக்கு வெட்டு திரும்பி வரும்போது அந்த நிரையில் நிற்பது வேறு ஆளாக இருக்கும். முடிச்சு அவர் உளியில் தட்டும். தண்டல் வந்து வெட்டைப் பார்த்துத் திட்டியது அழகுக்காக இல்லை. அண்ணி ஒன்றும் சொல்லாமல் எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

இனி அவர் மகன் கதை. கெர்னலில் 'ஸ்டேஜிங்' என்று ஒரு பகுதி உண்டு. 2008இல் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் தொடங்கி வைத்தது. ஒரு வன்பொருளை இயக்கும் நிரலை டிரைவர் என்பார்கள். ஓடும், ஆனால் தரம் போதாது என்ற நிலையில் உள்ள டிரைவர்களை அங்கே வைப்பார்கள். தேறினால் உள்ளே எடுத்துக்கொள்வார்கள். கவனிக்க ஆளில்லாமல் கிடந்தால் நீக்கிவிடுவார்கள். அங்கே ஒரு சிறு சில்லுக்கான டிரைவரைப் பிடித்துக்கொண்டான். 2007 முதல் கெர்னலோடு வரும் 'செக்பேட்ச்' என்ற கருவியை அதன்மேல் ஓட்டினான். விதி மீறிய இடங்களையெல்லாம் வரி எண்ணோடு காட்டும் கருவி அது; கட்டுரை ஏட்டில் வாத்தியார் சிவப்பு மையால் வட்டம் போடுவதுபோல. நீளமான பட்டியல் வந்தது. வெற்றிடம், அடைப்புக்குறி எல்லாவற்றையும் இரண்டு மாலைகளில் முடித்துவிட்டான்.

பிறகு ஓர் எச்சரிக்கை. 'யூடிலே' வேண்டாம், 'யூஸ்லீப் ரேஞ்ச்' நல்லது என்றது. இரண்டுமே சில மைக்ரோ வினாடிகள் காத்திருப்பதற்குத்தான். ஒரு சொல்லை எடுத்து இன்னொரு சொல்லைப் போட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

"இந்த ஃபங்ஷனை யார் கூப்பிடுறாங்கன்னு பார்த்தியா?" என்றேன்.

"செக்பேட்சே சொல்லுதே, சித்தப்பா."

யூடிலே நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டு காத்திருக்கும். யூஸ்லீப் ரேஞ்ச் தூங்கிவிடும். அந்த நேரத்தில் பிராசசர் வேறு வேலை பார்க்கும். சிக்கனம் என்றால் தூங்குவதுதான். ஆனால் 'ஸ்பின்லாக்' என்ற பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. பழைய காலத்து ரயில் கேட்டை மூடிவிட்டு, சாவியோடு கேட்காரர் உறங்கப் போனால் எப்படி இருக்கும்? பூட்டுக்காகக் காத்திருக்கும் மற்ற பிராசசர்கள் சுற்றிக்கொண்டே நிற்கும். சில சமயம் முழு இயந்திரமும் உறைந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், நூறு முறை ஓட்டிப் பார்த்தாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம். நூற்றொன்றாவது முறை வேறு யாருடைய மேசையிலோ நிற்கும்.

அவன் தேடிப் பார்த்தான். மூன்று கோப்புகள் தாண்டி, பூட்டுப் போட்ட இடம் கிடைத்தது. அந்த வரியைத் தொடாமல் விட்டான். கருவி சொல்வது வழிகாட்டுதல், மனிதத் தீர்ப்புக்கு மாற்று அல்ல என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்!

இன்னொன்றையும் காட்டினேன். சில டிரைவர்களில் ஒரு சாதனத்துக்கு ஒரு மதிப்பை எழுதிவிட்டு, உடனே அதே இடத்தை வாசிப்பார்கள். வாசித்ததை எதற்கும் பயன்படுத்த மாட்டார்கள். பார்த்தால் வீண். சுத்தம் செய்கிற கை முதலில் அதைத்தான் அழிக்கப் பார்க்கும். பிசிஐ போன்ற தடங்களில் எழுதிய மதிப்பு வழியில் எங்காவது தங்கி நிற்கலாம். திரும்ப வாசித்தால்தான் அது சாதனத்தைப் போய்ச் சேர்ந்தது உறுதியாகும். அந்த வீண் வரியை எடுத்துவிட்டால் டிரைவர் என்றைக்கோ ஒருநாள், காரணம் தெரியாமல் மக்கர் பண்ணும்.

ஆகவே நடையைத் திருத்துகிறவன் நடையை மட்டும்தான் திருத்தினான் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. திருத்தத்துக்கு முன்பும் பின்பும் கம்பைல் செய்து, இரண்டு முறையும் வந்த இயந்திரக் கட்டளைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒன்றுபோல இருந்தால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் மாறியிருக்கிறது. சில எச்சரிக்கைச் செய்திகள் வரி எண்ணையும் உள்ளே பதித்து வைப்பதால், ஒரு வரி கீழே இறங்கினாலும் வித்தியாசம் காட்டும். அதை மட்டும் தனியாகப் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் மகன் இதைச் செய்த அன்றுதான் முதல்முறையாகத் தான் எழுதியது இயந்திரத்துக்கு எப்படிப் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தான். நான்கு வருஷப் படிப்பில் இதற்கு வாய்ப்பு வரவில்லை போலும்.

எல்லாத் துப்புரவும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டேஜிங்குக்கு வெளியே பல பராமரிப்பாளர்கள் வெறும் நடைத் திருத்தத்தை வாங்குவதே இல்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கெர்னலின் வரலாறு 2005 முதல் 'கிட்' என்ற ஏட்டில் இருக்கிறது. எந்த வரியை யார், எப்போது, என்ன காரணத்துக்காக எழுதினார் என்று கேட்டால் சொல்லும். ஆண்டுக்கணக்காக ஒழுங்காக ஓடும் நிரலில் ஒருவர் போய் இடைவெளியை மட்டும் மாற்றினால், அந்த வரிகளுக்கு நேரே அவர் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். உண்மையில் யோசித்து எழுதியவரைக் கண்டுபிடிக்க இன்னும் ஓர் அடுக்கு தோண்ட வேண்டும். எண்ணிக்கைக்காக ஆளுக்கொரு பேட்ச் அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும்.

அவன் பேட்சுக்கு எழுதிய விளக்கத்தில் முதலில் 'நடை சீர்செய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தது. என்ன செய்தாய் என்பதை நிரலே காட்டுகிறது, ஏன் செய்தாய் என்று எழுது என்றேன். நான்கு வரி எழுத ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. அனுப்பிவிட்டான். பதிலுக்குக் காத்திருக்கிறான்.

தொடாமல் விட்ட அந்த ஒரு வரிதான் இப்போது அவனை விடமாட்டேன் என்கிறது. எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது, பூட்டு எங்கே விழுகிறது, எங்கே திறக்கிறது என்று பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு வைத்திருக்கிறான். நேற்று இரவு அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "சித்தப்பா, சில்லோட கையேட்டுல 20 மைக்ரோ வினாடி போதும்னு போட்டிருக்கு. நிரல்ல 50 நிக்குது. பூட்டைப் பிடிச்சுக்கிட்டு எதுக்கு இன்னொரு 30?"

கிட்டில் அந்த வரியின் வரலாற்றைத் தேடினோம். எழுதியவர் காரணம் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அந்தச் சில்லு உள்ள பழைய பலகை ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அளந்துதான் பார்க்க வேண்டும்.