மாடியில் வலி, வாசலில் வியாதி!

பால் திரிந்தால்கூட 'புதிதாக வந்தவள் கைராசி' என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. அதெல்லாம் மலையேறிவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கே போயிற்று? வேறு வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது! இப்போது வீட்டில் வைஃபை நின்றால் மருமகள்தான் காரணம். "அவ லேப்டாப்தான் மொத்தத்தையும் இழுக்குது" என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதம் தினமும் இதே பாட்டுத்தான்.

எங்கள் வீடு திருச்சியில், மூன்று தளம். கீழே ஹாலில் இருக்கும் ரூட்டரின் வைஃபை, கான்கிரீட்டைத் தாண்டி மாடிக்குச் சரியாக எட்டாது. அதனால் 2023-ல் எலெக்ட்ரீஷியனை வைத்து வயர் இழுத்து, இரண்டு மாடியிலும் ஆளுக்கொரு 'ஆக்ஸஸ் பாயிண்ட்' மாட்டினோம். வயர் வழியாக வருவதை வாங்கி, அந்தந்தத் தளத்தில் வைஃபையாகக் கொடுக்கிற பெட்டி அது. ரூட்டருக்குப் பக்கத்தில் 'ஸ்விட்ச்' என்று இன்னொரு பெட்டி. விளக்கு ஸ்விட்ச் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வயரில் வருவதை எட்டு வயருக்குப் பிரித்துக் கொடுப்பது. (வேறு பேரே கிடைக்கவில்லையா இவர்களுக்கு!) அதிலிருந்து மாடிகளுக்கு இரண்டு வயர், திண்ணையை அடைத்துக் கட்டிய வாசல் அறைக்கு ஒரு வயர்.

மருமகள் 26 வாரப் பிரசவ விடுமுறை முடிந்து, முதல் மாடியிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு வரை மீட்டிங். பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள். கடைசியில் மேலதிகாரி, "இப்படியே இருந்தால் சென்னை ஆபீசுக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

பேரனுக்கு ஏழு மாசம். மசித்த இட்லி, பருப்புச் சாதம் ஆரம்பித்தாயிற்று. ஆனாலும் தாய்ப்பாலை இரண்டு வயது வரை, அதற்கு மேலும்கூடக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதே! ஒரு பெட்டியின் கோளாறுக்காகக் குழந்தையின் பாலை நிறுத்துவதா? "நான் வேலையை விட்டுடட்டுமா அத்தை?" என்று ஒரு ராத்திரி கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. "ஒரு வாரம் பொறும்மா" என்றேன்.

கம்பெனி ஆள் மூன்று தடவை வந்தார். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். "லைன் நல்லா இருக்கும்மா, வீட்டுக்குள்ளதான் ஏதோ" என்று சொல்லிப் போய்விட்டார். மறுநாள் பழைய குருடி கதைதான்.

குழந்தைக்கு ஜுரம் என்றால் மணிக்கு மணி டிகிரி குறித்து வைப்போம் அல்லவா? அதே மாதிரி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு நின்றது, எந்த அறை, யாருடைய போன், பெட்டியில் என்ன விளக்கு. நாலைந்து நாளில் நோட்டு பேச ஆரம்பித்துவிட்டது.

வெளி லைன் அறுந்தால் ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். ஒருநாள்கூட எரியவில்லை. ஆக, கம்பெனி ஆள் சொன்னது நிஜம். இரண்டாவது, ஒருத்தர் அதிகமாக இழுத்தால் எல்லாருக்கும் சேர்ந்து மெதுவாகும். இங்கே அப்படி இல்லை. ஒரே சோபாவில், ஒரே வைஃபையில், கோடுகள் எல்லாம் முழுசாகக் காட்டும்போதே என் போன் ஓடுகிறது, இவர் போனில் 'இன்டர்நெட் இல்லை' என்று வருகிறது! எல்லாவற்றுக்கும் மேலாக, மருமகள் லேப்டாப்போடு அம்மா வீட்டுக்குப் போயிருந்த சனி, ஞாயிறிலும் நின்றது. அந்தப் பக்கத்தைத் திறந்து இவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடப் போய்விட்டார்.

ஓடுகிற போன், ஓடாத போன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் விஷயம் பிடிபட்டது. செட்டிங்ஸில் வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே போனால் 'ஐ.பி. அட்ரஸ்' என்று ஒரு எண் இருக்கும். என் போனில் 192.168.1.24. இவர் போனில் 192.168.0.103. மூன்றாவது எண்ணைப் பாருங்கள், ஒன்றில் 1, மற்றதில் 0. ஒரே வீட்டுக்கு எப்படி இரண்டு தெரு?

ஒவ்வொரு போனும் வைஃபைக்குள் வந்ததும் 'எனக்கு ஒரு எண் கொடு' என்று கேட்கும். கொடுப்பது ரூட்டரின் வேலை. டி.எச்.சி.பி. என்று பேர், 1993-லேயே வந்த ஏற்பாடு. எண்ணோடு, 'வெளியே போகும் வாசல் இது' என்றும் சொல்லி அனுப்பும். கல்யாண வீட்டில் பந்திக்கு டோக்கன் கொடுக்க ஒருத்தர்தான் இருக்கவேண்டும். இரண்டு பேர் நின்றால், பாதிப் பேர் பூட்டின கதவு முன்னால் போய் நிற்பார்கள்! எங்கள் வீட்டில் டோக்கன் கொடுக்க இரண்டாவது ஆள் ஒருத்தர் இருந்தார். யார் முந்திக்கொண்டு கொடுக்கிறாரோ அவர் எண்தான். அதனால்தான் அணைத்துப் போட்டால் சில தடவை சரியாகிறது, சில தடவை ஆகவில்லை. வயர் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால், எந்த மூலையில் அவர் உட்கார்ந்திருந்தாலும் மாடியில் இருக்கிறவர்களுக்கும் டோக்கன் போகும்.

அப்புறம் என்ன? ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஒரு சமயத்தில் ஒரு வயர் மட்டும் கழற்றுவது, இவர் போனில் வைஃபையை அணைத்துப் போட்டு எண்ணைப் பார்ப்பது. முதல் மாடி வயர், மாற்றமில்லை. திரும்பச் செருகினேன். இரண்டாம் மாடியும் அப்படியே. வாசல் அறை வயரைக் கழற்றினேன், வந்தது 192.168.1.31! மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் 1.

வாசல் அறை அலமாரியில், நியூஸ்பேப்பர் கட்டுக்குப் பின்னால், பச்சை விளக்கோடு எங்கள் பழைய ரூட்டர்! "வீணாக் கிடக்குதேன்னு கேபிள் பையனை வெச்சு மாட்டினேன்" என்றார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. மாட்டியது என்றைக்கு என்று கேட்டேன். தொல்லை ஆரம்பித்த வாரமேதான்.

பழைய ரூட்டரை வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. முதலில் அதைத் தனியாக எடுத்து, லேப்டாப்பில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட வேண்டும். அதனுடைய சொந்த எண்ணை மெயின் ரூட்டர் வரிசையில், ஆனால் அது மற்றவர்களுக்குக் கொடுக்காத எண்ணாக மாற்றவேண்டும். எங்களுடையது இப்போது 192.168.1.2. பிறகு வயரை 'வேன்' என்று எழுதிய துளையில் போடாமல் 'லேன்' துளையில் செருகவேண்டும். மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கால் மணியில் செய்துவிட்டாள்.

மீட்டிங் இப்போது நிற்பதில்லை. சென்னைப் பேச்சும் நின்றது. இவர் மன்னிப்பு என்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் நாலு மணி அடித்தால் யாரும் சொல்லாமலே பேரனைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். ஒரே வயரின் இரண்டு முனையையும் யாராவது அதே ஸ்விட்ச் பெட்டியில் செருகிவிட்டால் வீடு மொத்தமும் படுத்துவிடும். பெட்டி விளக்குகள் எல்லாம் சேர்ந்து படபடவென்று சிமிட்டும். ஒரு அறை மட்டும் அடிக்கடி போனால், வயர் முனையிலுள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டால் ஆடும்.

கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஒவ்வொரு வயரிலும் அறையின் பேரை எழுதிக் கட்டியிருக்கிறேன். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். அந்த அட்டைகளைக் கண்டால் விடுவதில்லை. பெட்டிகளையும் அடாப்டர்களையும் சுவரில் ஐந்தடி உயரத்துக்கு மாற்ற எலெக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார்.