மைக்கை அணைத்த ராத்திரி

சித்திரை 12

இந்த வாரம் முதல் ஷிப்ட். விடிகாலை ஐந்து மணிக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஆனாலும் இன்றைக்குத் தூங்கப் போவதில்லை. பெரியபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. வில் வளைப்பும் சுபத்திரை கல்யாணமும் ஆகிவிட்டன. இன்றைக்குப் பகடைத் துகில்.

ஒன்பது மணிக்கே வேஷம் கட்டுகிற இடத்துக்குப் போய்விட்டேன். துரியோதனன் வேஷக்காரர் கொட்டாங்குச்சியில் முத்துவெள்ளையையும் சிவப்பையும் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்து, கண்ணாடியை முழங்காலில் சாய்த்து முகம் எழுதிக்கொண்டிருந்தார். சிவப்பின்மேல் வெள்ளைப் புள்ளி வைக்க ஒரு தென்னங்குச்சி. முக்கால் மணி நேரம் யாரோடும் பேச்சில்லை. பிறகு இடுப்பைச் சுற்றிப் பழம்புடவைகளைத் திணித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று கயிற்றை இறுக்கினார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. இந்தக் கட்டைகளைக் கொண்டுதான் காஞ்சிபுரம் பக்கம் இதைக் கட்டைக்கூத்து என்கிறார்கள். பகலெல்லாம் கொத்து வேலை செய்துவிட்டு வந்தவர், கிரீடம் ஏறியதும் எழுந்து நின்ற நிற்பே வேறு.

பத்து மணிக்குச் சிக்கல் வந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு தளர்வு கொடுத்தாலும் நள்ளிரவு வரைக்கும்தான், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. "பன்னண்டுக்கே முடிச்சிடுங்களேன்" என்றார் விழாக்குழுவில் ஒருவர். ஜமா என்கிற கூத்துக் குழுவின் வாத்தியார் கோபப்படவில்லை. "மைக்கை எடுத்துடுங்க தம்பி. எங்க வாத்தியாரு காலத்துல மைக் ஏது? விடியுற வரைக்கும் ஆடுறோம்" என்றார்.

மைக் அணைந்தது. பாயையும் கோணியையும் இழுத்துக்கொண்டு சனம் முன்னால் நகர்ந்து வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து முதல் விருத்தம் எழும்பியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் ஸ்பீக்கர் இரைச்சலில் முகவீணையைச் சரியாகக் கேட்டதே இல்லை. அடவு போடும்போது எந்தக் கால் சலங்கை என்றுகூடப் பிரித்துக் கேட்க முடிந்தது.

மூன்று மணி இருக்கும். துகிலைத் தொடுவதற்கு முன்னால் துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றச் சொல்லி, பாஞ்சாலி வேஷம் கட்டியவரைக் கும்பிட்டார். இருவருமே ஆண்கள், ஒரே ஜமாவில் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். அந்தக் கை நடுங்கியதைப் பார்த்தேன். என் பக்கத்தில் இருந்த பாட்டி "தாயே" என்று எழுந்தே நின்றுவிட்டாள்.

சித்திரை 13

மெஷின் முன்னால் நின்றாலும் காதில் முகவீணைதான். புரிசை ஊர்த் தம்பிரான்களின் கூத்தில் மனம் பறிகொடுத்த நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். கண்ணப்பத் தம்பிரானே அங்கே வந்து நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பட்டணத்து நாடகக்காரர்கள் கூத்துக்காரர்களிடம் தேடி வந்தது இந்தக் குரலையும் உடம்பையும்தான். நாமோ அதன்மேல் ஸ்பீக்கரைக் கட்டி மூடி வைத்திருக்கிறோம்.

சித்திரை 20

தபசு, விராட பருவம், தூது, அரவான், அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஏழு ராத்திரி. இரண்டுதான் எனக்கு வாய்த்தது. இன்று காலை படுகளம். ஈர மண்ணில் துரியோதனனை ஆள் உயரத்துக்கு ஏழெட்டு மடங்கு நீளமாகப் படுக்க வைத்திருந்தார்கள். ராத்திரியெல்லாம் ஆடிய அதே கால்களோடு பீமனும் துரியோதனனும் அந்த மண்மேல் ஏறிச் சண்டை போட்டார்கள். தொடை பிளந்ததும் பாஞ்சாலி கூந்தல் முடிந்தாள். சாயங்காலம் தீமிதி.

வெயில் ஏறும் நேரத்தில்தான் அந்தக் கூந்தல் முடிய வேண்டும். பன்னிரண்டு மணிக்கு முடித்துவிடுகிற கூத்துக்கு இந்த வெளிச்சம் எங்கிருந்து வரும்?

ஆடி, மூன்றாம் ஞாயிறு

பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் கால் வைக்க இடமில்லை. வேப்பஞ்சேலை கட்டிய பெண்கள் பிராகாரம் முழுக்க. கூட்டத்தில் ஜமா வாத்தியாரைப் பார்த்தேன். பேத்திக்கு மொட்டை போட வந்திருந்தார். ஆடி போனால் ஆட்டம் குறைந்துவிடும், ஐப்பசி மழையில் சுத்தமாகக் கிடையாது, அந்த மாதங்களில் கூலி வேலைதான் என்றார். "பசங்க வர்றாங்களா ஐயா?" என்று கேட்டேன். "ரெண்டு பேரு. நிலையா ராத்திரி இருந்தா இன்னும் ரெண்டு பேரு வருவாங்க."

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலின் கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை பையன்களோடு பெண்பிள்ளைகளுக்கும் கூத்துச் சொல்லிக்கொடுத்தது. இன்று அதுவும் இல்லை. இனி ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருவிழாக் குழுவில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து மணிக்கு மைக்கை நிறுத்துங்கள், கூத்தை நிறுத்தாதீர்கள். தை மாதமே ஜமாவைத் தேடிப் போய் வெற்றிலை பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்து, முழு ராத்திரிக்குப் பேசிவிடுங்கள்.