ஒஸ்காருக்கு ஏற்ற அயலார்

மீன் விற்கும் கடையிலே ஒஸ்கார் என்னும் மீனைக் காணும் பிள்ளைக்கு அஃது ஒரு விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். விரலளவு உடல், கறுப்பிலே செம்மஞ்சட் கோலம், கண்ணாடிக்கு இப்புறம் நிற்பவரை நிமிர்ந்து நோக்கும் கண். அமேசன் நதியைத் தாயகமாகக் கொண்ட அவ்வினம் வளர்ந்தால் ஓரடி நீளமாகும் என்பது அது வந்த பையிலே எழுதப்பட்டிருப்பதில்லை.

ருவான்வெல்லையிலே எம்மிடம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டிலே மீன்தொட்டி வைத்திருக்கின்றனர். லயத்தின் முன்னறையிலே, தொலைக்காட்சிப் பெட்டியருகே, இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. "சேர், ஒஸ்காரோடு வேறு எந்த மீனை விடலாம்?" என்பதே அவர்கள் எம்மிடம் பெரும்பாலும் கேட்கும் கேள்வி. இரவு பத்துக் கப்பி மீன்களை விட்டு, காலையில் ஒன்றையும் காணாத பிறகே இக்கேள்வி பிறக்கின்றது.

விடை மீனின் வாயிலே இருக்கிறது. ஒஸ்கார் இரையைக் கடித்துக் கிழிப்பதில்லை; வாயைச் சடுதியில் அகலத் திறந்து நீரோடு உள்ளே இழுத்துக்கொள்வது அதன் வழக்கம். ஆகவே வாய்க்குள் அடங்குவது இரை, அடங்காதது அயலான். இதிலே நீளத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர். மெலிந்து நீண்ட மீன் தலைவழியே வழுக்கிக்கொண்டு போய்விடும். அதே நீளமுடைய மீன் தட்டையாயும் உயரமாயும் இருப்பின் தப்பிவிடும். 'சில்வர் டொலர்' என்னும் வெள்ளிக்காசு மீன் ஒஸ்காருக்குத் தக்க துணையென்று அநுபவசாலிகள் கூறுவது இதனாலேயே. தழை தின்னும் மீனாதலால் ஒஸ்காரின் இரைக்கு அது போட்டியுமில்லை. ஆனால் அது கூட்டமாக வாழ்வது, ஐந்தாறாவது வேண்டும். தொட்டியின் அளவைப்பற்றி அப்போதுதான் நினைவு வரும்!

ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28 லீற்றர். நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டியிலே ஒன்பது கன அடி, அதாவது 255 லீற்றர் அடங்கும். வளர்ந்த ஒஸ்கார் ஒன்றுக்கே அவ்வளவும் சரி. அது மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிக்கும். கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா சிறிய தொட்டியிலே விரைவில் நஞ்சாகிவிடும். பசிக்கு இரையாகாத அயலானும் அந்நீரிலே மாண்டுபோவான்.

கடைக்காரர் 'டாங்க் கிளீனர்' என விற்கும் கவசமீனைப்பற்றி ஒரு சொல். அதன் செட்டைகளிலே முட்கள் உண்டு. சிறிய ஒன்றை ஒஸ்கார் விழுங்கினால் முள் விரிந்து தொண்டையிற் சிக்கும், இரண்டுமே சாகக்கூடும். பெரிய ஒன்றையே விடல் வேண்டும். 'பிளவர் ஹோர்ன்' மீனுக்கோ துணை தேடுவதே வீண். அது தனியே இருக்கட்டும்.

எம்மூர்ப் பக்கத்துக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. தொட்டி கொள்ளாத மீனை என்ன செய்வது? சென்ற ஆண்டு எம் மாணவன் ஒருவனின் தகப்பனார், "கங்கையிலே விட்டுவிடு, உயிருக்கு விடுதலை கொடுத்த புண்ணியமாவது கிடைக்கும்" என்றாராம். நல்லெண்ணந்தான். ஆயினும் ருவான்வெல்லைப் பக்கம் ஓடும் குருகொட ஓயா களனி கங்கையிற் சேர்வது. களனி முதல் தெற்கே நில்வளா வரையுள்ள நிழலோடைகளிலேதான் செரி பார்ப் என்னும் சிறுமீன் இயல்பாக வாழ்கிறது. சிங்களத்திலே அதனை 'லே தித்தயா' என்பர். 'லே' என்றால் இரத்தம். ஆண் மீனின் சிவப்பைக் கண்டவர் அப்பெயரை மறவார். பி. ஈ. பி. தெரணியகல என்னும் இலங்கை விலங்கியலாளர் 1929இல் அதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். இன்று உலகெங்கும் தொட்டிகளில் நீந்தும் அதன் பிறப்பிடம் நம் தீவு ஒன்றே. வளர்ந்தாலும் இரண்டங்குலம், ஒஸ்காரின் வாய்க்கு ஒரு கவளம். 2025இல் குருநாகல் மாவட்டத்துத் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்திலே அந்நிய இராட்சத விரால் பெருகிவிட்டதென்று பத்திரிகைகள் எழுதின. அலங்கார மீனாக வந்ததே அங்கு விடப்பட்டிருக்கவேண்டும் என்பது கருத்து. ஒன்றுக்குக் கொடுக்கும் விடுதலை ஓடையிலுள்ள நூறுக்கு மரணமாகலாம்.

இதனை நாம் அத்தகப்பனாரிடம் சொன்னபோது அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். "அப்படியானால் கடைக்கே கொண்டுபோகிறோம், ஐயா" என்றார். அடுத்த சனிக்கிழமை மூடியிட்ட வாளியோடு தந்தையும் மகனும் அவிசாவளைக்கு பஸ் ஏறினர். கடைக்காரர் காசு கொடுக்கவில்லை. பெரிய தொட்டியுள்ள ஒருவருக்குக் கொடுப்பதாகச் சொல்லி மீனை வாங்கிக்கொண்டார். லயத்துத் தொட்டியிலே இப்போது கப்பிகள் இருக்கின்றன. பையன் அவற்றை எண்ணுவதை விட்டுவிட்டான். மாதந்தோறும் தொகை கூடுகிறதாம்.