உழுதுபோடும் முன் தோண்டிப் பாருங்கள்

சம்பங்கி வைத்தவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று ஆண்டு தவறாமல் வரும். ‘இலை புல்லாட்டம் மண்டிக் கிடக்கிறது, பூத்தண்டு மட்டும் வரவில்லை. என்ன உரம் போடலாம்?’ கிழங்கைத் தோண்டிப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

மயிலம் பக்கம் 30 சென்ட் சம்பங்கி வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கும் இதே சிக்கல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் வடிய நாளாகி, இருந்த பயிர் அழுகிப்போனது. அடுத்த ஆனியில் வெளியூரிலிருந்து மூட்டைக் கணக்கில், விலை மலிவு என்று கிழங்கு வாங்கி நட்டார்கள். நட்ட மூன்றாம் மாதமே பூ தொடங்க வேண்டும். தை பிறந்தும் தொடங்கவில்லை. தை முகூர்த்தத்துக்குப் பூவின் விலை ஏறும், மகளின் நர்சிங் படிப்புக்கு அடுத்த தவணையைக் கட்டிவிடலாம் என்று போட்டிருந்த கணக்கு கையைவிட்டுப் போனது. “உழுதுபோட்டு மல்லாட்டை விதைச்சிடலாம்” என்றார் வீட்டுக்காரர். “பத்து நாள் பொறுங்க, செலவு பண்ணினது நாமதானே” என்றார் மனைவி.

இதற்கிடையில் மகள் போனில் தேடி ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் வைத்தால் பூக்கும் என்று அதில் இருந்தது. அது பொய்யல்ல, ஆனால் ஹயசிந்த் என்ற செடிக்கு உரியது. ஸ்ரீநகரின் துலிப் தோட்டத்தில் துலிப்போடு சேர்த்து வளர்க்கிறார்களே, அந்த மணமுள்ள குளிர்நாட்டுப் பூ. அதன் மொட்டு முந்தைய கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடும். தண்டு நீண்டு வெளியே வர மட்டும் 10 வாரத்துக்கு மேல் நல்ல குளிர் வேண்டும். திண்டிவனத்து மார்கழிப் பனி அதற்குப் போதாது. நம் சம்பங்கிக்கோ அந்தக் குளிரே தேவையில்லை. இதன் தாயகம் மெக்சிகோ. 400 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியர் இதற்கு ‘இந்திய ஹயசிந்த்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள் என்பதால், அந்தப் பெண் குழம்பியதில் வியப்பில்லை. (நம் ஏரிகளை அடைக்கும் ஆகாயத்தாமரைக்கும் ஆங்கிலத்தில் இந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றும் மூன்று வகைச் செடிகள்.)

சம்பங்கியின் உறவு வேறு இடத்தில் இருக்கிறது. ரயில் பாதையோரம் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழையைப் பார்த்திருப்பீர்கள். பல ஆண்டு வளர்ந்து, ஒரே ஒரு முறை கம்பம் போலப் பூத்தண்டு விட்டு, தாய் பட்டுப்போகும். சுற்றிலும் குட்டிகள் நிற்கும். சம்பங்கியும் அந்தக் குடும்பம்தான். ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அடுத்த பூ அதைச் சுற்றி வரும் பக்கக் கிழங்குகளிலிருந்து வர வேண்டும், அவை போதிய அளவு பருத்த பிறகு.

எவ்வளவு பருமன்? நடும் கிழங்கு 2.5 முதல் 3 சென்டிமீட்டர் குறுக்களவும், 25 முதல் 30 கிராம் எடையும் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. அளவுகோல் தேட வேண்டாம். 10 ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். கிழங்கின் மேல் நாணயத்தை வைத்துப் பார்த்தால் போதும். நாணயத்துக்கு உள்ளே அடங்கிப் போகும் பொடிக் கிழங்குகள் இலைதான் விடும். பருத்துப் பூக்க நாளெடுக்கும். மூட்டைக் கணக்கில் மலிவாக வருவதில் பெரும்பகுதி இந்தப் பொடிதான்.

அந்த வயலில் மேடு, நடு, பள்ளம் என்று இடம் மாற்றிப் பத்துக் குத்துகளைத் தோண்டியதும் கதை வேறாகிவிட்டது. மேட்டுப் பக்கம் பொடியாக நட்டவை பருத்து, நாணயத்தைத் தாண்டியிருந்தன. குளிர் குறைந்ததும் தண்டு விடக்கூடிய கிழங்குகள் அவை. நடுப்பகுதியில் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. முன்பு கத்தரி வைத்த இடம். வேர்முடிச்சு நூற்புழு அங்கேயே தங்கிவிட்டது. பள்ளத்தில் செடியின் கழுத்துப் பகுதியில் வெள்ளைப் பூசணமும், கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் இருந்தன. இதைத்தான் கவனிக்க வேண்டும். மல்லாட்டையில் தண்டழுகல் உண்டாக்கும் பூசணமும் இதேதான். அந்த இடத்தை உழுது மல்லாட்டை விதைத்திருந்தால் சம்பங்கியோடு நோய் போயிருக்காது, மல்லாட்டையையும் தின்றிருக்கும்.

மேட்டுப் பகுதியை அவர்கள் விட்டுவைத்தார்கள். யூரியா போடுவதை நிறுத்தியது நல்ல முடிவு. இலை செழிக்கத் தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டுப் பூவை எதிர்பார்ப்பது நம் பக்கம் பழகிப்போன தவறு. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண் பரிசோதனைப்படி சேர வேண்டும். நடுப்பகுதிக்கு வேப்பம் பிண்ணாக்கும், தொழுவுரத்தில் கலந்து வைத்த சூடோமோனாஸும் இட்டு, வரப்போரம் துலுக்கச் சாமந்தி நட்டார்கள். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும். பள்ளத்துச் செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, வடிகால் வெட்டி, டிரைக்கோடெர்மா விரிடி கலந்த தொழுவுரம் தூவி, மாட்டுக்குத் தீவனச் சோளம் விதைத்தார்கள். கல்லூரித் தவணைக்கு இந்த முறை கடன்தான். வயல் முழுவதையும் அழித்திருந்தாலும் அந்தக் கடன் வந்திருக்கும், கூடவே கிழங்கும் போயிருக்கும்.

புதிதாக நடுபவர்கள் ஆனி, ஆடியில் நடலாம். அதற்கு முன்பே கிழங்கு எடுக்கும் தோட்டத்தை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது; முடிச்சு வேரும் அழுகல் கழுத்தும் அங்கேயே தெரிந்துவிடும். எடுத்த கிழங்கை அன்றே நடக் கூடாது. நிழலில் பரப்பி, நாலைந்து நாளுக்கு ஒரு முறை புரட்டிவிட்டு, ஒரு மாதம் உறங்க விட வேண்டும். உதிரிப்பூவுக்குப் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரஜ்வல் ரகம் ஏற்றது. மொட்டில் இளஞ்சிவப்புச் சாயை இருக்கும், பூ வெள்ளையாக விரியும். 45-க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில், பாரின் பக்கவாட்டில், 2.5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால் போதும். ஒரே இடத்தில் இரண்டு, மூன்று ஆண்டுக்கு மேல் விட்டால் பக்கக் கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கி, மறுபடி பொடியாகிவிடும். அப்போது தோண்டி, நாணயம் வைத்துப் பார்த்து, பெரியதை வயலுக்கும் சிறியதைத் தனி நாற்றுப் பாத்திக்கும் பிரித்துவிட்டால், அடுத்த முறை மூட்டைக் கிழங்கு வாங்க வேண்டியிருக்காது.