ஆம்பளைங்களுக்கு இடமில்லை

மாட்டுப் பொங்கல் ராத்திரியே எங்கள் பள்ளிபாளையம் வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூடிவிடும். அம்மா, பெரியம்மா, சித்தி, பக்கத்துத் தறிக்குடோனில் தார் சுற்றும் அக்காமார், நடுவில் அம்மாவைப் பெற்ற அம்மாயி. மறுநாள் காணும் பொங்கலுக்கு ஈரோடு வ.உ.சி. பூங்காவுக்குப் போக வேண்டுமே! வருஷம் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியவர்கள். தறி நின்றுபோன அந்த ராத்திரியிலும் குரல் இறங்காது. யார் என்ன சமைப்பது என்பது தெருவுக்கே கேட்கும்.

பெரியம்மாவுக்குப் புளிச்சோறு, சித்திக்குத் தயிர்ச்சோறு, அம்மாவுக்குக் கச்சாயம். "கோழி வறுத்து எடுத்துக்கலாங்களா?" என்பாள் ஒரு அக்கா. வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுக்கிற கோழிக்குப் பேர்போன ஊர், ஆசை இருக்காதா? "பூங்காவுக்குள்ள ஆஞ்சநேயர் கோயல் இருக்குது. அங்க கறியத் தூக்கீட்டுப் போறதாக்கும்?" அம்மாயி போட்ட போட்டில் பேச்சு முடியும்.

அப்பாவும், அம்மாயியின் வீட்டுக்காரர் அப்பிச்சியும் திண்ணை ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். காணும் பொங்கலன்று அந்தப் பூங்காவுக்குள் ஆண்களை விடமாட்டார்கள்; பெண்களும் குழந்தைகளும் மட்டும்தான். கொங்குநாட்டு ஊர்களில் பெண்கள் கூட்டமாகப் பூப்பறிக்கப் போகும் பருவமும் அதுதான். எங்களுக்கோ கிளம்பினால் பூங்கா.

சிக்கல் என்னால்தான் வரும். "இவன உள்ள உடுவாங்களா அம்மிணி?" என்று பெரியம்மா என்னை நிற்க வைத்து உயரம் பார்ப்பாள். "அர டவுசரப் போட்டுக் கூட்டியா, உடுவாங்க" என்பாள் சித்தி. அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்தது. அவனைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

விடிந்ததும் தூக்குப்போசிகளோடு காவிரிப் பாலத்தில் நடை. அப்போது நாமக்கல் மாவட்டம் பிறக்கவில்லை, அது 1997இல்தான் வந்தது. பாலத்தின் இந்தக் கரை சேலம் மாவட்டம், கருங்கல்பாளையம் இருக்கும் அந்தக் கரை பெரியார் மாவட்டம். மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறோம் என்பதே எனக்குப் பெருமை.

பூங்காவுக்குள் சோற்றை ஓரமாக வைத்துவிட்டுக் கும்மியில் இறங்கிவிடுவார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா ஓட்டப்பந்தயம் ஓடினாள். வீட்டில் அடுப்புக்கும் தார் சுற்றும் ராட்டைக்கும் நடுவே மட்டுமே நான் பார்த்திருந்த அம்மா, அத்தனை பேரை முந்திக்கொண்டு ஓடினாள். தோற்ற அக்காமார் வாய்விட்டுச் சிரித்தார்கள். "சத்தம் போடாதீங்கடி" என்று அதட்ட அங்கே ஒருத்தரும் இல்லை. திண்ணையில் அத்தனை நேரம் திட்டம் போட்டது புளிச்சோற்றுக்காக இல்லை, இதற்காகத்தான்.

காணும் பொங்கலன்று பூங்காவுக்குள் ஆண்களை விடாத அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்கள் அன்றைக்குக் கிளம்பினால், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்காதீர்கள். ராத்திரிச் சோற்றை நீங்களே வடித்து வையுங்கள்.