படச்சுருள் யாருக்குச் சொந்தம்?

சினிமாவில் வாய்ப்புத் தேடும் பிள்ளைகள் யோசனை கேட்டு வந்தால் நான் நடிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. டெஸி ஆர்னாஸின் கதையைச் சொல்வேன்.

அவருடைய அப்பா கியூபாவின் சாண்டியாகோ நகர மேயர். 1933 புரட்சியில் வீடு, சொத்து எல்லாம் போயிற்று. மயாமிக்கு வந்து சேர்ந்த பையன் கேனரிக் குருவிக் கூண்டுகளைக் கழுவிப் பிழைத்தான். கொங்கா மேளம் அவனை இசைக்குழுவுக்கும், பிறகு ஹாலிவுட்டுக்கும் கொண்டுபோனது. அங்கே நடிகை லூசில் பாலை மணந்துகொண்டார்.

லூசிலை வைத்து நகைச்சுவைத் தொடர் எடுக்க சிபிஎஸ் தொலைக்காட்சி முன்வந்தபோது, "என் வீட்டுக்காரரே கணவராக நடிக்கட்டும்" என்று அவர் நிபந்தனை போட்டார். கியூபா வாடையோடு ஆங்கிலம் பேசுகிறவரை வெள்ளைக்காரியின் புருஷனாக யார் ஏற்பார்கள் என்று அதிகாரிகள் இழுத்தார்கள். தம்பதி ஊர் ஊராக மேடையேறி நடித்துக் காட்டினார்கள். ஜனங்கள் சிரித்தார்கள், அதிகாரிகள் இறங்கி வந்தார்கள்.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்கு அடுத்தது. அப்போது பல தொடர்கள் நியூயார்க்கிலிருந்து நேரலை. மேற்குக் கரைக்கு, திரையில் ஓடுவதைப் படமெடுத்த மங்கலான நகல்தான் போகும். இவர்களோ ஹாலிவுட்டிலேயே ஃபிலிமில் எடுப்போம் என்றார்கள். செலவு கூடும். அதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்ட ஆர்னாஸ், பதிலுக்குப் படச்சுருளின் உரிமையைக் கேட்டார். ஒருமுறை பார்த்ததை மறுபடி யார் பார்ப்பார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, கொடுத்துவிட்டார்கள். 1951-ல் 'ஐ லவ் லூசி' தொடங்கியது. பின்னாளில் அதே சிபிஎஸ் அந்தப் பழைய சுருள்களை மில்லியன் கணக்கில் கொடுத்து வாங்கியது. இருவரும் ஒருகாலத்தில் சம்பளத்துக்கு நடித்த ஆர்கேஓ ஸ்டுடியோவை 1957-ல் அவர்களே வாங்கினார்கள்.

திறமை மட்டும் போதாதா என்பார்கள் பிள்ளைகள். ஹாட்டி மெக்டேனியலிடம் இல்லாத திறமையா? 1940-ல் ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர். விழா நடந்த அம்பாசடர் ஹோட்டலில் கறுப்பர்களுக்கு அனுமதியில்லை. அவர் நடித்த படத்தின் தயாரிப்பாளர் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள், அதுவும் சக நடிகர்களை விட்டுத் தள்ளிப்போட்ட மேசையில். பிறகும் அவருக்கு வந்தவை பெரும்பாலும் வேலைக்காரி வேடங்களே.

ஆர்னாஸ் தம்பதி தொடங்கிய டெசிலு நிறுவனம்தான் 1966-ல் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரை எடுத்தது. (அதற்குள் மணமுறிவாகி, ஆர்னாஸ் தன் பங்கை லூசிலுக்கு விற்றிருந்தார். அது தனிக்கதை.) அதில் விண்கலத்தின் தகவல்தொடர்பு அதிகாரியாக நிஷெல் நிக்கோல்ஸ் என்ற கறுப்பின நடிகை வந்தார். வசனம் கொஞ்சம்தான். விலக நினைத்தபோது மார்ட்டின் லூதர் கிங் தடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1977-ல் நாசாவுக்குப் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்க்கும் வேலையில் இறங்கினார். சிறுவயதில் அவரைத் திரையில் பார்த்த மே ஜெமிசன் 1992-ல் விண்வெளிக்கே போனார். திறமையோடு உரிமையும் கையில் இருக்க வேண்டும் என்ற என் வாதம் இந்த இடத்தில் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. நிக்கோல்ஸ் கூலிக்கு நடித்தவர்தான். ஆனால் அந்த நாற்காலியை அவருக்குப் போட்டது யார் வாங்கிய ஸ்டுடியோ?

தமிழரின் மகளான மிண்டி கேலிங்கும் 'தி ஆஃபீஸ்' தொடரில் நடிகையாக மட்டும் நுழையவில்லை. எழுத்தாளராகவும் சேர்ந்து பல அத்தியாயங்களை எழுதினார். 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' அவர் இணைந்து உருவாக்கியது. கதாநாயகி அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பெண். அந்த வேடத்துக்கு விட்ட பொது அழைப்பில் ஆயிரக்கணக்கானோர் போட்டியிட்டார்கள். தேர்வானவர் கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன்.