அப்பாவின் காதும் ஊட்டி டெலஸ்கோப்பும்

போன மாசம் அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கினோம். முப்பது வருஷம் டேனரியில டிரம் ஓடுற பக்கத்துலயே நின்னவர். எங்க பள்ளிகொண்டா பக்கம் அந்த மாதிரி ஆட்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. எல்லோருமே கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவாங்க.

மூணே நாள். கழட்டி அலமாரியில வெச்சிட்டார். "ஒரே இரைச்சல்டா. ஃபேன் கேக்குது, பைபாஸ் லாரி கேக்குது. நீ பேசுறது மட்டும் கேக்கல." எனக்கு வந்த கோவம் இருக்கே! இவ்ளோ காசு கொட்டி வாங்கினா இப்படிப் பேசறாரேன்னு நானும் ரெண்டு வார்த்தை கத்திட்டேன். அதுவும் அவருக்குக் கேக்கல :-)

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம ஊட்டி ரேடியோ டெலஸ்கோப் பத்திப் படிச்சிட்டிருந்தேன். நமக்கு இந்த வானியல் கிறுக்கு ரொம்ப நாளா உண்டு. முத்தோரையில மலைச்சரிவுலயே 530 மீட்டர் நீளத்துக்குக் கட்டி, 1970-ல வேலைக்கு வந்தது. கோவிந்த் ஸ்வரூப் ஐயாவோட மூளை. சரிவு சுமார் 11 டிகிரி, ஊட்டியோட அட்சரேகையும் அதேதான். அதனால ஒரே அச்சுல சுத்தினாலே ஒரு நட்சத்திர மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து பார்க்கலாம்.

நான் அசந்து போனது 1992-ல அதுக்குப் போட்ட புது ரிசீவரைப் பார்த்துத்தான். அதுல 1056 டைபோல்கள், அதாவது குட்டி ஆன்டெனாக்கள். முன்னாடியெல்லாம் அதுங்க பிடிக்கிற சிக்னல் வயர் வழியா கொஞ்சம் பயணம் பண்ணி, அங்கங்க வலு இழந்து, அப்புறம்தான் ஆம்ப்ளிஃபையருக்கு வரும். வழியில சேர்ற இரைச்சலையும் சேர்த்தே அது பெருசாக்கும். அப்பாவோட மெஷின் மாதிரியேதான்! புது ஏற்பாட்டுல ஒவ்வொரு டைபோலுக்கும் பின்னாடியே, அதிகம் இரையாத ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு. டிஷ்ஷை ஒரு அடி கூடப் பெருசாக்கல. ஆனா கேக்குற திறன் மூணு மடங்குக்கு மேல கூடிச்சு.

அந்த வேலையைப் பண்ணின நாலு பேர்ல ஒருத்தர் வேலுச்சாமி. பிற்பாடு அமெரிக்காவுல நாசாவோட ஜேபிஎல்-க்குப் போனவர். ஊட்டியில கேட்டது 92 செ.மீ. அலை. அங்கே அவர் சப்மில்லிமீட்டர் பக்கம் போயிட்டார். 2009-ல விண்வெளிக்குப் போன ஹெர்ஷல் டெலஸ்கோப்புல ஹைஃபின்னு ஒரு ரிசீவர். அதை வெச்சு நம்ம பால்வெளியில இருக்கிற கார்பனோட 0.158 மி.மீ. அலையைத் தேடின குழுவுல அவரும் உண்டு.

இந்தச் சின்ன அலையில ரெண்டு தொல்லை. காத்துல இருக்கிற ஈரமே அதைக் குடிச்சிடும். அதனால வறண்ட மலை உச்சிக்கு ஓடணும், இல்லாட்டி விண்வெளிக்கே போகணும். அடுத்தது, ரிசீவரோட சொந்தச் சூடே இரைச்சலா வரும். ஹைஃபியைத் திரவ ஹீலியத்தால கிட்டத்தட்ட மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர வெச்சிருந்தாங்க. 2013 ஏப்ரல்ல ஹீலியம் தீர்ந்தது, காதும் அடைஞ்சு போச்சு.

ஆக, ஊட்டியோ விண்வெளியோ, இவங்க செஞ்சது ஒண்ணுதான். சத்தத்தைக் கூட்டறதுக்கு முன்னாடி இரைச்சலைக் குறைச்சாங்க. நான் மூணு நாளா வீட்டுல செஞ்சதோ நேர் எதிர். டிவி அலற, அடுப்படியில இருந்துகிட்டே "அப்பா... சாப்ட்டீங்களா?"ன்னு கத்தினேன்.

மறுநாள் டிவியை அமத்தினேன். ரோட்டுப்பக்க ஜன்னலைச் சாத்தினேன். மெஷினை எடுத்து நானே மாட்டிவிட்டு, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தேன். நேத்து கத்தினதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு நினைச்சேன். தைரியம் வரலை. பழைய பழக்கத்துல சத்தமாவே, "டீ போடட்டுமாப்பா?"ன்னேன்.

"நல்லாத்தான் கேக்குது. எதுக்குடா கத்துற?"ன்னார்.

டிஸ்கி: காது டாக்டர்களும் பிசிக்ஸ் வாத்தியார்களும் மன்னிக்கணும். ரெண்டையும் கலந்து அடிச்சதுக்கு நான் மட்டுமே பொறுப்பு.